வில்லங்கம் பார்க்காத நிலம்

1

1832ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ஒரு லாட்டரி நடத்தியது. பரிசு பணமல்ல, நிலம். மாநிலத்தின் வடமேற்கில் செரோக்கி மக்கள் வாழ்ந்த பகுதியை அளந்து 160 ஏக்கர் துண்டுகளாகப் பிரித்தார்கள். தங்கம் கிடைக்கலாம் என்று நம்பிய இடங்களில் 40 ஏக்கர் துண்டுகள். துண்டுக்கு ஓர் எண். பெயர் கொடுத்தவர்களின் சீட்டுகள் ஒரு பக்கம், நில எண் எழுதிய சீட்டுகள் இன்னொரு பக்கம். குலுக்கி எடுத்தார்கள். யார் பெயருக்கு எந்த எண் விழுந்ததோ அந்த நிலம் அவருக்கு. அவ்வளவுதான் நடைமுறை.

சீட்டு குலுக்கியபோது அந்த நிலத்தில் செரோக்கிகள் குடியிருந்துகொண்டிருந்தார்கள். வீடு, சோளக்கொல்லை, பழமரங்கள், ஆடுமாடு எல்லாவற்றோடும். செரோக்கிகளின் முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் நியாயம் கேட்டு வாஷிங்டனுக்குப் போயிருந்தார். 1835இல் திரும்பி வந்து பார்த்தால் அவர் வீட்டில் வேறு ஆள் இருக்கிறார். ஜார்ஜியாவின் சட்டப்படி அந்த ஆள் திருடனல்ல. சீட்டு விழுந்தவர்.

இந்த லாட்டரியில் பெயர் கொடுக்கும் உரிமை பெரும் பண்ணையாருக்கு மட்டும் இருக்கவில்லை. சாதாரண வெள்ளைக் குடியானவர்கள், விதவைகள், தகப்பனை இழந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இருந்தது. என்னைத் தொந்தரவு செய்வது இந்த இடம்தான். துப்பாக்கி ஏந்திய கொள்ளைக்காரன் நிலத்தைப் பறித்தான் என்றால் தீர்ப்பு சொல்வது சுலபம். கையில் காலணா இல்லாத ஒரு விதவையின் பெயருக்கு அரசாங்கம் சீட்டு எடுத்து 160 ஏக்கர் கொடுக்கிறது. அவர் யாரையும் அடிக்கவில்லை. யாரையும் விரட்டவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார். அவர் செய்தது தவறா? தவறு என்றால் எவ்வளவு தவறு? தவறில்லை என்றால், வீடு போன செரோக்கிப் பெண் யாரைப் பார்த்துக் கேட்பது?

அமெரிக்காவின் மேற்கு நோக்கிய குடியேற்றம் முழுவதும் இந்தக் கேள்வியின் பெருக்கல்தான்.

2

நம்மில் பலருக்கு அந்த எல்லைப்புறம் அறிமுகமானது லயன், முத்து காமிக்ஸ் வழியாக. டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர், புழுதி பறக்கும் பாலைவனம், மலை உச்சியில் புகை, குதிரைமேல் செவ்விந்தியர்கள். அந்தக் கதைகளில் சண்டை போடுகிறவர்கள் உண்டு, கொள்ளையடிக்கிறவர்கள் உண்டு, ஷெரீஃப் உண்டு. உருளைக்கிழங்கு நட்டு, மாடு கறந்து, பிள்ளை பெற்று, பிள்ளையைப் புதைத்து, மறுபடி உழப்போன ஆள் மட்டும் பின்னணியில் ஒரு கோடாகத்தான் வருவார். ஆனால் எண்ணிக்கையில் பெரும்பான்மை அவர்தான். கண்டத்தை மாற்றியதும் அவர்தான்.

அவர் ஏன் வந்தார்? முதல் காரணம் பசி. சோற்றுப் பசி, அதைவிட அதிகமாக நிலப் பசி. ஐரோப்பாவில் குத்தகை கட்டிக்கட்டி முதுகு வளைந்த குடும்பங்களுக்கு, யாருக்கும் வாரம் அளக்க வேண்டாத சொந்த மண் என்பது சொர்க்கத்துக்கு ஈடான சொல். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது. பஞ்சம் பல ஆண்டுகள் நீண்டு ஏறத்தாழ 10 லட்சம் பேரைக் கொன்றது, அதைவிட அதிகமானோரைக் கப்பல் ஏற்றியது. ஜெர்மனியிலிருந்தும் நார்வே, ஸ்வீடனிலிருந்தும் நிலம் போதாத குடியானவர்கள் கிளம்பினார்கள். அமெரிக்காவுக்குள்ளேயே கிழக்கில் புகையிலையும் பருத்தியும் மண்ணைச் சக்கையாக்கியிருந்தன. 1837இல் வங்கிகள் விழுந்து பொருளாதாரம் படுத்தது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது மேற்கு என்பது திசையல்ல, தப்பிக்கும் வழி.

இரண்டாவது காரணம் அரசு. ஆட்கள் தாமாகப் போனார்கள் என்பது பாதி உண்மை. போக வைத்தார்கள் என்பது மீதி. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம் மேற்கை இன்னும் கண்ணால் பார்க்காமலேயே காகிதத்தில் கட்டம் போட வழிசெய்தது. ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 பிரிவுகள், பிரிவுக்கு 640 ஏக்கர். விமானத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு மேலே பறந்தவர்கள் கீழே சதுரம் சதுரமாகப் பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான். 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா பிரதேசத்தை 1.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். விற்ற நெப்போலியனும் சரி, வாங்கிய ஜெஃபர்சனும் சரி, அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்கவில்லை. 1862 மே 20 அன்று லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். 18 டாலர் கட்டணம். ஐந்து ஆண்டு குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். 21 வயது ஆன யாரும் கேட்கலாம். தனித்து வாழும் பெண்கள் கேட்கலாம். குடியுரிமை கிடைக்காத, கேட்டு விண்ணப்பித்திருக்கிற வெளிநாட்டவரும் கேட்கலாம். அந்தக் காலத்தில் உலகில் வேறெந்த அரசும் ஏழைக்கு இப்படி ஒரு கதவைத் திறந்ததில்லை என்று சொன்னால் அது மிகையில்லை.

மூன்றாவது, வியாபாரம். ரயில் கம்பெனிகளுக்கு மத்திய அரசு ஏறத்தாழ 13 கோடி ஏக்கர் நிலம் கொடுத்தது. தண்டவாளம் போட்டால் போதாது, அதில் ஏற்ற கோதுமை வேண்டும், கோதுமை விளைவிக்க ஆள் வேண்டும். எனவே ஐரோப்பியக் கிராமங்களில் துண்டுப்பிரசுரம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். மழையே இல்லாத சமவெளியில் ஏர் பூட்டினால் மழை தானாக வரும் என்று ஒரு கோட்பாடே உலவியது. நம் ஊர் ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பத்தே நிமிடம் என்று போடுவார்களே, அதன் மூதாதை.

ஆக, ஒருவன் கிளம்புவதற்குக் காரணம் அவன் வயிறு. அவன் போகும் திசைக்குக் காரணம் அரசும் கம்பெனியும். பொறுப்பைப் பங்கு போடும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

3

இவ்வளவு பெரிய நிலமாற்றம் மனச்சாட்சியைத் தூங்க வைக்காமல் நடக்காது. அதற்கு ஒரு தத்துவம் தேவைப்பட்டது. அது ஏற்கெனவே தயாராக இருந்தது.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் சொத்துரிமைக்கு ஒரு விளக்கம் சொன்னார். பூமி எல்லோருக்கும் பொது. ஒருவன் தன் உழைப்பை ஒரு நிலத்தோடு கலக்கும்போது அது அவனுடையதாகிறது. உழாத நிலம் வீணான நிலம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! உழுபவனுக்கே நிலம் என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் தவறே தெரியாது. ஆனால் லாக்கின் உதாரணங்கள் அடிக்கடி அமெரிக்காவுக்குப் போகின்றன. அவர் கரோலினா காலனியின் உரிமையாளர்களுக்குச் செயலாளராக வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலப்பிரபுவுக்கு எதிராகப் பேசும்போது ஏழையின் ஆயுதமாக இருக்கும் வாதம், வேட்டையாடியும் இடம் மாறியும் வாழும் மக்களுக்கு எதிராகப் பேசும்போது பறிமுதல் உத்தரவாகிவிடுகிறது.

சரி, உழைப்புதான் அளவுகோல் என்றே வைத்துக்கொள்வோம். செரோக்கிகள் அந்தப் பரீட்சையை எழுதிப் பாஸ் ஆனவர்கள். அவர்கள் காலம்காலமாகச் சோளம் பயிரிட்டவர்கள். வெள்ளையர் சொன்னபடி கலப்பை பிடித்தார்கள். செக்கோயா என்பவர் 1821 வாக்கில் அவர்கள் மொழிக்கு எழுத்து வடிவம் உருவாக்கினார். 1827இல் அரசியலமைப்புச் சட்டம் எழுதினார்கள். 1828இல் செரோக்கி ஃபீனிக்ஸ் என்ற பத்திரிகை வந்தது. அண்டை வெள்ளைப் பண்ணையார்களைப் பார்த்துக் கறுப்பின அடிமைகளை வைத்துக்கொண்ட செரோக்கிகளும் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 'நாகரிகம்' என்று எதையெல்லாம் கேட்டார்களோ அதையெல்லாம், அதன் அசிங்கத்தோடு சேர்த்து, செய்து காட்டினார்கள். 1832இல் உச்ச நீதிமன்றம்கூட ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

பலன்? 1830இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டம் நின்றது. தீர்ப்பு காகிதத்தில் கிடந்தது. 1838-39இல் ஏறத்தாழ 16,000 செரோக்கிகளை மேற்கே விரட்டினார்கள். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பெயர்.

அப்படியானால் உழைப்பு என்பது காரணம் அல்ல, சாக்கு. உழாதவனிடம் "நீ உழவில்லை" என்றார்கள். உழுதவனிடம் ஒன்றுமே சொல்லவில்லை, சீட்டு குலுக்கினார்கள். ஒரு கொள்கை உண்மையிலேயே கொள்கையா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. அது உனக்குப் பாதகமாக வரும்போதும் நீ அதை மதிக்கிறாயா?

4

1862ஆம் ஆண்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். ஹோம்ஸ்டெட் சட்டம் கையெழுத்தான அதே கோடையில், மின்னசோட்டாவில் டகோட்டா மக்கள் பட்டினி கிடந்தார்கள். 1851 ஒப்பந்தங்களில் தம் நிலத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, ஓர் ஆற்றங்கரையோரப் பட்டைக்குள் ஒடுங்கியிருந்தார்கள். 1858இல் அந்தப் பட்டையிலும் பாதி போனது. நிலத்துக்கு விலையாக ஆண்டுதோறும் வர வேண்டிய பணம் 1862இல் வரவில்லை. விளைச்சலும் பொய்த்திருந்தது. கிடங்கில் தானியம் இருந்தது, வணிகர்கள் கடன் கொடுக்க மறுத்தார்கள். ஆகஸ்டில் போர் வெடித்தது. டகோட்டா வீரர்கள் கொன்றது நூற்றுக்கணக்கான குடியேறிகளை. அதில் பலர் ஜெர்மனியிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்த குடியானவர்கள், அவர்களின் மனைவிகள், குழந்தைகள். அவர்களில் யாரும் அந்த ஒப்பந்தத்தை எழுதவில்லை. யாரும் அந்தப் பணத்தை நிறுத்தி வைக்கவில்லை.

போர் முடிந்ததும் 303 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். சில விசாரணைகள் சில நிமிடங்களிலேயே முடிந்தன. லிங்கன் பட்டியலைக் குறைத்தார். 1862 டிசம்பர் 26 அன்று மன்காட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நடந்த மிகப்பெரிய தூக்குத் தண்டனை அதுதான். அடுத்த ஆண்டு டகோட்டாக்களை மாநிலத்தைவிட்டே விரட்ட நாடாளுமன்றம் சட்டம் போட்டது.

ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. தூக்குமேடைக்கும் இலவச நிலத்துக்கும் இடையே ஆறு நாள்.

அந்த ஆறு நாள் தற்செயல்தான். யாரும் திட்டம் போட்டு தேதியை அடுக்கவில்லை. ஆனால் நிலம் 'இலவசம்' என்று ஒரு சட்டம் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு முன்னால் நடந்தது என்ன என்பதை அந்த ஆறு நாள் காட்டிவிடுகிறது. இலவசம் என்றால் விலை இல்லை என்று அர்த்தமில்லை. விலையை வேறொருவர் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

5

"தனி ஆளாக அவன் என்ன செய்தான்?" என்ற கேள்விக்குக் குடியேறியின் தரப்பில் வலுவான பதில் உண்டு. மிசௌரியிலிருந்து ஓரிகான்வரை சுமார் 3,200 கிலோமீட்டர், மாட்டு வண்டியில் ஐந்தாறு மாதம். நாம் நினைப்பதுபோல அந்தப் பாதை முழுக்கச் சண்டை நடக்கவில்லை. வரலாற்றாசிரியர் ஜான் அன்ரு கணக்கெடுத்ததில், 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். ஆயிரக்கணக்கில் கொன்றது காலரா. பல இடங்களில் பூர்வகுடிகள் ஆறு கடக்க உதவினார்கள், வழி காட்டினார்கள், உணவும் குதிரையும் விற்றார்கள். பெரும்பாலான குடியேறிகள் தம் வாழ்நாளில் ஒரு பூர்வகுடியின்மீதும் கை வைக்காமல் செத்துப்போனவர்கள்.

ஆனால் ஒரு வண்டியை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு சரி. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனபோது? மாடுகள் ஆற்றோரப் புல்லைத் தின்று தீர்த்தன. விறகு தீர்ந்தது. தண்ணீர் கெட்டு, காலரா பூர்வகுடிக் கிராமங்களுக்கும் போனது. எருமைக் கூட்டங்கள் விலகின. பிறகு ரயில் வந்தது, தோல் வியாபாரம் வந்தது, கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகள் 1880களின் இறுதியில் சில நூறாகச் சுருங்கின. ஒவ்வொருவரும் "நான் ஒருத்தன்தானே" என்றார்கள். உண்மைதான், ஒவ்வொருவரும் ஒருத்தர்தான்.

அதைவிட முக்கியமாக, அரசுக்கும் குடியேறிக்கும் இடையே ஒரு விளையாட்டு இருந்தது. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசர் 1763இலேயே ஆணையிட்டார். மக்கள் கேட்கவில்லை. பிறகு வந்த அமெரிக்க அரசும் ஒப்பந்தம் போடும், குடியேறிகள் மீறிப் போய்க் குடிசை போடுவார்கள். அரசு, "இவர்களை எங்களால் தடுக்க முடியவில்லை, நீங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விடுங்கள்" என்று பூர்வகுடிகளிடம் சொல்லும். 1841இல் ஒரு சட்டம், ஆக்கிரமித்து உட்கார்ந்தவரே ஏக்கர் 1.25 டாலருக்கு அந்த நிலத்தை முதலில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. அரசு குடியேறியைக் காட்டிக் கை விரித்தது. குடியேறி அரசைக் காட்டிக் கை கழுவினான். நடுவில் நின்றவர்களுக்கு நிலம் போனது.

இதற்கு ஓர் இலக்கிய உதாரணம். லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935இல் எழுதிய 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி' உலகம் முழுக்கக் குழந்தைகள் படித்த நூல். அன்பான அப்பா, உழைக்கும் அம்மா, புல்வெளியில் மரவீடு, இரவில் பிடில். அந்தக் குடும்பம் 1869 வாக்கில் கான்சாஸில் வீடு கட்டியது ஓசேஜ் மக்களுக்கு ஒப்பந்தப்படி உரிமையான நிலத்தில். சட்டப்படி பார்த்தால் அந்தப் பிடில் சத்தம் ஆக்கிரமிப்பு நிலத்திலிருந்து வந்தது. இப்படி வந்து குவிந்தவர்களின் நெருக்கடி தாங்காமல் ஓசேஜ் மக்கள் 1870இல் அந்த நிலத்தை விற்று, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். கல்லும் மேடுமான நிலம். இதில் ஏர் இறங்காது, இனியாவது நம்மை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் அந்தத் தேர்வில் இருந்தது என்பார்கள். பிறகு அந்தக் கல்லுக்குக் கீழே எண்ணெய் கிடைத்தது. 1920களில் என்ன நடந்தது என்பதை ஸ்கார்செசியின் 'கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்' பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வைல்டரின் பெயரில் இருந்த குழந்தை இலக்கிய விருதின் பெயரை 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம் மாற்றியது. பெயரை மாற்றியது சரியா என்று சண்டை போடலாம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறு. அந்த அப்பா நல்ல மனிதர்தான். பிள்ளைகளை நேசித்தவர்தான். அநியாயம் நடக்கக் கெட்ட மனிதர்கள் தேவையில்லை என்பதை ஏற்பதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

6

இன்னும் சிக்கலான இடம் ஒன்று உண்டு. 1877இல் கான்சாஸில் நிக்கோடிமஸ் என்ற ஊர் உருவானது. உருவாக்கியவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள். 1879இல் தென் மாநிலங்களின் கொலைவெறிக்குத் தப்பி ஆயிரக்கணக்கானோர் கான்சாஸை நோக்கி வந்தார்கள். எக்ஸோடஸ்டர்கள் என்று அவர்களுக்குப் பெயர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் சாட்டையடிக்கு உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு மண். இதைவிட நியாயமான ஆசை உலகத்தில் இருக்க முடியுமா? ஆனால் அந்த மாநிலத்துக்குத் தன் பெயரையே கொடுத்த கான்சா மக்கள் அதற்குச் சில ஆண்டு முன்னால்தான், 1873இல், அங்கிருந்து விரட்டப்பட்டிருந்தார்கள்.

அயர்லாந்தில் நிலப்பிரபு வீட்டை இடித்து விரட்டிய குடும்பம், இங்கே இன்னொருவர் விரட்டப்பட்ட இடத்தில் வீடு கட்டியது. அடிபட்டவன் அடிப்பவனாகிறான் என்ற சுலபமான வாக்கியத்தை இங்கே சொல்ல மாட்டேன். அவர்கள் அடிக்கவில்லை. அடிபட்டவருக்கு நிவாரணமாகக் கொடுக்கப்பட்டது இன்னொரு அடிபட்டவரின் வீடு. கொடுத்தவர் கையிலிருந்து எதுவும் போகவில்லை. கிழக்கின் பெரும் பண்ணைகளைப் பிரித்து ஏழை வெள்ளையருக்கும் விடுதலை பெற்ற கறுப்பருக்கும் கொடுத்திருக்கலாம். அது பணக்காரரின் மடியில் கை வைக்கும் வேலை. மேற்கு இருந்ததால் அந்தச் சண்டை தேவைப்படவில்லை. ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் 1893இல் சிகாகோவில் படித்த புகழ்பெற்ற கட்டுரையில், அமெரிக்க ஜனநாயகத்தை உருவாக்கியது எல்லைப்புறம்தான் என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பெண்களுக்கு வாக்குரிமையை 1869லேயே கொடுத்தது வயோமிங் என்ற எல்லைப்புறப் பிரதேசம். ஆனால் அந்த ஜனநாயகத்தின் சமத்துவம், சொந்த வீட்டுச் சொத்தைப் பகிர்ந்து வந்ததல்ல.

பலன் குடியேறிக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஏறத்தாழ 16 லட்சம் பேர் பட்டா வாங்கினார்கள். முடியாமல் பாதியில் விட்டுப் போனவர்களும் லட்சக்கணக்கில். மழை குறைந்த சமவெளிக்கு 160 ஏக்கர் போதாது என்பதை வாஷிங்டன் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லின் வேரை உழுது எறிந்தார்கள். முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏற, இன்னும் உழுதார்கள். 1930களில் வறட்சி வந்ததும் மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலே இருட்டியது. லட்சக்கணக்கானோர் மறுபடி மூட்டை கட்டினார்கள், இந்த முறை கலிஃபோர்னியாவுக்குக் கூலிகளாக. மண்ணோடு நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்களை விரட்டியபோது, அந்த மண்ணைப் பற்றிய அறிவையும் சேர்த்தே விரட்டியிருந்தார்கள்.

7

இப்போது அந்த விதவையிடம் திரும்பலாம். குற்றவாளியா, இல்லையா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர்கள் முன்னால் இதே மாதிரி ஒரு கேள்வி நின்றது. கார்ல் யாஸ்பர்ஸ் குற்றத்தை வகை பிரித்தார். சட்டப்படியான குற்றம் வேறு, அரசியல் குற்றம் வேறு, தனிமனித அறக் குற்றம் வேறு. ஹன்னா அரெண்ட் இன்னும் கறாராகச் சொன்னார்: குற்றம் என்பது தனி ஆளுடையது, செய்தவனுக்கு மட்டும் உரியது. எல்லோரும் குற்றவாளி என்றால் யாருமே குற்றவாளி இல்லை என்றாகிவிடும். ஆனால் பொறுப்பு என்பது வேறு. நான் செய்யாத ஒன்றுக்கும், நான் அங்கம் வகிக்கும் சமூகத்தின் பெயரால் செய்யப்பட்டது என்பதால், எனக்குப் பொறுப்பு உண்டு.

இந்தப் பிரிவினை எனக்கு உதவுகிறது. ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை நம் தமிழிலேயே இதைவிடத் துல்லியமான ஒரு சொல் இருக்கிறது: வில்லங்கம். நம் ஊரில் ஒரு சென்ட் இடம் வாங்குவதானாலும் சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்போம். இந்த நிலத்தின்மேல் யாருடைய கடன் நிற்கிறது, யாருக்கு உரிமை பாக்கி இருக்கிறது என்று பார்க்கத்தான். வில்லங்கமுள்ள நிலத்தை வாங்கியவர் கெட்டவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால், "எனக்குத் தெரியாது, அதனால் வில்லங்கம் இல்லை" என்றும் சொல்ல முடியாது. வில்லங்கம் ஆளின்மேல் நிற்பதில்லை, நிலத்தின்மேல் நிற்கிறது. கை மாறினாலும் கூடவே வரும்.

ஜார்ஜியாவின் விதவைமீது குற்றம் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன்னால் அரசு வைத்த வழிகள் மிகக் குறைவு. ஆனால் அவர் கையில் வந்த நிலம் வில்லங்கமுள்ளது. அதை அவர் பிள்ளைக்கு எழுதி வைத்தபோது வில்லங்கத்தையும் சேர்த்துத்தான் எழுதி வைத்தார். பேரனுக்குக் குற்றவுணர்ச்சி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குற்றவுணர்ச்சியால் யாருக்கும் ஒரு படி அரிசி கிடைக்காது. பேரனிடம் கேட்க வேண்டியது பத்திரத்தைப் படி என்பதைத்தான்.

இது வெறும் உவமை இல்லை. அமெரிக்காவில் அந்த வில்லங்கம் நீதிமன்றங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1868 ஒப்பந்தப்படி கரும் மலைகள் லகோட்டா மக்களுடையவை. 1874இல் அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி பரவியது, 1877இல் அரசு எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் அது அநியாயம் என்று ஒப்புக்கொண்டு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. சூ இனக்குழுக்கள் பணத்தை வாங்க மறுத்தன. வட்டியோடு அது இன்று 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிக ஏழையான பகுதிகளில் வாழும் மக்கள் இன்னும் தொடவில்லை. வாங்கிவிட்டால் விற்றதாக ஆகிவிடும் என்கிறார்கள். வில்லங்கத்தை அழிக்க விடாமல் பட்டினியோடு காத்து நிற்பது என்றால் இதுதான். 2020இல் மக்கெர்ட் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், கிழக்கு ஓக்லஹோமாவில் க்ரீக் மக்களின் ஒதுக்கீட்டுப் பகுதி சட்டப்படி ஒருபோதும் கலைக்கப்படவில்லை என்றது. நிலம் திரும்ப வரவில்லை, குற்ற வழக்குகளை யார் விசாரிப்பது என்பதுதான் மாறியது. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டின் ஒரு வாக்குறுதி செத்துவிடவில்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னது.

8

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். கொஞ்சம் இருக்கிறது.

1862இல் லிங்கன் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம் மோரில் சட்டம். மாநிலங்களுக்கு நிலத்தைக் கொடுத்து, அதை விற்ற பணத்தில் கல்லூரி தொடங்கச் சொன்னது. கார்னெல், பர்டூ, இல்லினாய், டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்று நீளும் பட்டியல். 2020இல் ஹை கன்ட்ரி நியூஸ் பத்திரிகை ஒவ்வொரு துண்டாகத் தேடிக் கணக்குப் போட்டது. ஏறத்தாழ 250 பூர்வகுடிக் குழுக்களிடமிருந்து எடுத்த 1.07 கோடி ஏக்கர், 52 பல்கலைக்கழகங்களுக்கு முதலாகியிருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் எத்தனை வீடுகளில் ஃபிரேம் போட்டுத் தொங்குகின்றன என்று யோசித்துப் பாருங்கள். எஜுகேஷன் லோன் போட்டு, நகையை அடகு வைத்து, எம்.எஸ். படிக்கப் போன பிள்ளை நிலம் பறித்தவரில்லை. பல தலைமுறையாகப் பறிகொடுத்த குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அந்த லேபும் நூலகமும் நிற்பது அந்தக் கணக்கின்மேல்தான்.

இன்று அந்த வளாகங்களில் கூட்டம் தொடங்கும் முன், இது இன்ன மக்களின் பூர்விக நிலம் என்று ஓர் அறிக்கை வாசிக்கிறார்கள். சிலருக்கு அது வெறும் சடங்கு. சடங்காகவே நின்றுவிட்டால் அந்தக் குறை நியாயமானது. எடுத்த பொருளை மடியில் வைத்துக்கொண்டே, "இது உங்களுடையதுதான்" என்று தினம் சொல்வதுபோல. ஆனால் சில இடங்களில் அது அதோடு நிற்கவில்லை. பூர்வகுடி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் படிப்பு, எடுத்துச் சென்ற மூதாதையர் எலும்புகளைத் திருப்பித் தருதல், சில துண்டு நிலங்களைத் திரும்ப எழுதிக் கொடுத்தல் என்று மெல்ல நடக்கிறது. போதுமா என்றால் போதாது. ஆனால் திசை சரி.

குடியேறிகள் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். நல்லவனாக இருப்பதும் நியாயமாக வாழ்வதும் ஒன்றில்லை. யாரையும் அடிக்காமல், உழைத்து, பிள்ளைகளை அன்பாக வளர்த்து, அதே சமயம் ஒரு பெரிய அநியாயத்தின் பலனைச் சாப்பிட்டுக்கொண்டு ஒருவர் வாழ முடியும். உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் வாழ்கிறோம். அதற்காக யாரும் தூக்கு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மலிவாக, இலவசமாக, சீட்டு விழுந்த அதிர்ஷ்டமாக ஒன்று கைக்கு வரும்போது, இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்கலாம். கேட்டு, பதில் தெரிந்த பிறகு, தெரியாததுபோல நடிக்காமல் இருக்கலாம். 1832இல் ஜார்ஜியாவில் சீட்டு எடுத்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் ஆட்கள் இருந்தார்கள்.